கீசெயினுக்குப் பிறகு என்ன? பள்ளி லேபுக்கு ஒரு திட்டம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அறிவியல் டீச்சர். பள்ளியில் அடல் டிங்கரிங் லேப், அதாவது மத்திய அரசு உதவியில் பிள்ளைகள் கையால் செய்து பழகும் கூடம், இருக்கிறது. ஒரு 3டி பிரிண்டர், கைக்கருவிகள், ஐந்தாறு லேப்டாப். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர், வாரத்துக்கு இரண்டு பீரியட், மொத்தம் எட்டு வாரம். போன வருடம் எல்லோரும் தங்கள் பெயர் போட்ட கீசெயின் அச்சிட்டார்கள். இரண்டு வாரம் ஒரே ஆரவாரம், அப்புறம் லேப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டு வாரம் முடிந்த பிறகும் பிள்ளைகள் தாங்களாகவே எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் ப்ராஜெக்ட்டை எப்படித் திட்டமிடுவது? மிச்சப் பணத்தில் லேசர் கட்டர் வாங்கலாமா? இதுதான் கேள்வி.

டீச்சர், முதலில் ஒன்று: இது உங்கள் பள்ளிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஃபேப் லேப் (கம்ப்யூட்டர் மெஷின்களால் பொருள் செய்யும் கூடம்) நடத்திய பாவ்லோ பிளிக்ஸ்டைன் 2013ல் எழுதிய கட்டுரையில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்: கீசெயின் நோய். லேசர் கட்டரில் கீசெயின் வெட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அதை விட்டு நகரவே மறுத்தார்களாம். காரணத்தையும் அவரே சொல்கிறார். கொஞ்சம் முயற்சி போட்டாலே கடையில் விற்கிற தரத்துக்கு ஒரு பொருள் கையில் வந்துவிடுகிறது. பாராட்டும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் சிரமப்பட ஒரு பிள்ளைக்கு என்ன அவசியம்? நல்ல மெஷின் இருக்கிற இடத்தில்தான் இந்த நோய் வரும்.

உங்கள் கேள்வியில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கீசெயின் முடிந்துபோகிற பொருள். பையில் மாட்டியாயிற்று, கதை தீர்ந்தது. அதில் ஒரு பாகத்தை மாற்ற முடியாது, பக்கத்து பெஞ்ச் பையனுடைய கீசெயினோடு சேர்த்து வேறொன்று ஆக்க முடியாது. கீசெயினுக்குப் பதிலாக செல்போன் ஸ்டாண்டு, பேனா ஸ்டாண்டு என்று மாற்றினாலும் இதே கதைதான். அதனால் நான் சொல்வது இது: எந்தப் பொருளைச் செய்யச் சொல்லலாம் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, எந்த இணைப்பைக் கையில் கொடுக்கலாம் என்று யோசியுங்கள். எல்லோருடைய பாகமும் எல்லோருடைய பாகத்தோடும் பொருந்தும்படி ஓரிரண்டு அளவுகளைக் கல்லில் எழுதியதுபோல் நிலையாக வையுங்கள். மற்றதெல்லாம் அவர்கள் இஷ்டம்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. லெகோ 1958ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் குமிழும் குழாயும் சேர்ந்த இணைப்புதான் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைய கட்டை இன்றைய கட்டையில் உட்காரும். நம் நாட்டில் அறிவியல் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற அரவிந்த் குப்தா 1978ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் வேலை செய்தபோது சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினார். முக்கோணம், சதுரம், கூம்பு, வீடு என்று பிள்ளைகள் அதில் போய்க்கொண்டே இருக்கலாம். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஒரு மூட்டு. உலகெங்கும் நடக்கும் ஃபேப் அகாடமி படிப்பிலும் லேசர் வாரத்து வேலையாக முடிந்துபோன பொருள் எதையும் கேட்பதில்லை. பசை இல்லாமல் செருகி, பல விதமாகச் சேர்க்கக்கூடிய துண்டுகளின் தொகுப்பை வடிவமைக்கச் சொல்கிறார்கள். அதுவும் ஒரு அளவை மாற்றினால் எல்லாத் துண்டும் தானாக மாறும்படி.

உங்கள் நாற்பது பேருக்கு எந்த இணைப்பு? நான் சிபாரிசு செய்வது ஆறு பட்டைப் பென்சில்.

விளக்குகிறேன். கைப்பிடியைச் சுற்றினால் மேலே பொம்மை ஆடும் அட்டைப்பெட்டி இயந்திரம் பார்த்திருப்பீர்கள். சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகத்தார் இதை அட்டையில் செய்யும் முறையை வெகுவாகப் பரப்பினார்கள். பெட்டிக்குள் ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. அதில் கேம் என்கிற மேடுபள்ளமான தட்டு. பைக் இன்ஜினில் வால்வைத் திறந்து மூடுகிற அதே கேம்தான். கேம் சுழல, அதன் விளிம்பில் நிற்கும் குச்சி ஏறி இறங்கும். குச்சியின் உச்சியில் பொம்மை. அட்டையில் செய்யும்போது வழக்கமாக வரும் தொல்லை, கேம் உருண்டையான குச்சியில் வழுக்கிக்கொண்டே இருப்பது. பசை போட்டால் வழுக்காது, ஆனால் மாற்றவும் முடியாது. ஆறு பட்டைப் பென்சிலை ஷாஃப்ட்டாகப் போட்டு, கேமில் அறுகோண ஓட்டை வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. வழுக்காது, எப்போது வேண்டுமானாலும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம்.

அறுகோண ஓட்டையைப் பிள்ளைகள் கத்தியால் அட்டையில் சரியாக வெட்டவே மாட்டார்கள். இங்கேதான் பிரிண்டருக்கு வேலை. முழுக் கேமையும் அச்சிட வேண்டாம். நடுவில் ஒட்டும் சின்ன புஷ் மட்டும் அச்சிடுங்கள்: 25 மி.மீ. அகலத்தில் மெல்லிய தட்டு, அதன் மேல் 6 மி.மீ. உயரத்துக்குக் குழாய், நடுவே அறுகோண ஓட்டை. ஒன்று ஒன்றரை கிராம்தான் வரும். இருபது புஷ்ஷைப் பிரிண்டரில் ஒரே தடவையாக அடுக்கிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். மதியம் போட்டால் பள்ளி விடுவதற்குள் கையில் இருக்கும். முழுக் கேமையும் ஆளுக்கொன்றாக அச்சிட்டிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒன்றுக்கு முக்கால் மணி என்றாலும் நாற்பதுக்கு முப்பது மணி நேரம். முதல் பிள்ளைக்குத் திங்கட்கிழமை கிடைக்கும், கடைசிப் பிள்ளைக்கு அடுத்த வாரம். அதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஆசையே வற்றியிருக்கும். பள்ளிகளில் 3டி பிரிண்டர் துணி போர்த்திக் கிடப்பதற்கு மெஷின் பழுதைவிட இந்த வரிசைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். துல்லியம் வேண்டிய துளியை மெஷின் செய்யட்டும், வடிவத்தைக் கை செய்யட்டும்.

அளவில் கவனம் வையுங்கள். பென்சில் பட்டைக்குப் பட்டை ஏறக்குறைய 7 மி.மீ. இருக்கும், ஆனால் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒரே பிராண்டில் மொத்தமாக ஒரு பெட்டி வாங்கி, வெர்னியரில் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 3டி பிரிண்டரில் ஓட்டை பொதுவாக வரைந்ததைவிடச் சற்றுச் சிறுத்துத்தான் வரும். 7 என்று வரைந்தால் பென்சில் நுழையாது. 7.2, 7.3, 7.4 என்று மூன்று புஷ் அச்சிட்டு, கையால் தள்ளினால் போகிற, தானாக விழாத அளவைத் தேர்ந்தெடுங்கள். இந்தச் சோதனையை நீங்கள் வீட்டில் முடித்துக்கொண்டு வராதீர்கள், பிள்ளைகள் முன்னால் செய்யுங்கள். ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு மதிப்பா என்று அவர்கள் விரலே சொல்லிக்கொடுக்கும்.

பெட்டியின் நிலையான அளவுகள்: உள்ளகலம் 12 செ.மீ., உயரம் 12 செ.மீ. பென்சில் ஓட்டை தரையிலிருந்து சரியாக 6 செ.மீ. உயரத்தில், வட்டமாக, 8.5 மி.மீ. (பென்சிலின் மூலைக்கு மூலை அளவு 8 மி.மீட்டருக்குச் சற்று மேல், அதனால் அது தாராளமாகச் சுற்றும்.) மேல்மூடியில் 3 செ.மீ. இடைவெளியில் நான்கு துளை, அதில் ஸ்ட்ரா துண்டு, ஸ்ட்ராவுக்குள் மூங்கில் குச்சி. குச்சியின் அடியில் ஒரு வட்ட அட்டை. கேமின் எந்த இடமும் மையத்திலிருந்து 35 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. சட்டம் இவ்வளவே. 5 பிளை அட்டைப் பெட்டி மளிகைக் கடையில் கிடைக்கும். அட்டையின் உள்வரி ஓடுகிற திசையில் அது எளிதாக மடங்கிவிடும், அதனால் பக்கச் சுவரில் வரி மேலிருந்து கீழாக வரட்டும்.

ஒரு பெட்டிக்கு நான்கு கேம் இடம். நான்கு பேருக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு இடம். நாற்பது பேருக்குப் பத்துப் பெட்டி. இதைக் குழு வேலை என்று சொல்லி நான்கு பேரை ஒரே பொம்மையில் உட்கார வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒருவர் செய்வார், மூவர் பார்ப்பார்கள். இங்கே ஆளாளுக்குச் சொந்தக் கேம், சொந்தப் பொம்மை, ஆனால் சுற்றுகிற பென்சில் பொது.

கேமை எப்படி வரைவது? மையத்திலிருந்து 30 டிகிரிக்கு ஒரு கோடாகப் பன்னிரண்டு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் மையத்திலிருந்து எத்தனை மி.மீ. தூரம் என்று ஒரு எண். புள்ளிகளைச் சேர்த்தால் கேம். அதாவது ஒரு கேம் என்பது பன்னிரண்டு எண். உதாரணத்துக்கு உலக்கை. 13ல் தொடங்கி ஒவ்வொரு கோட்டுக்கும் 2 கூட்டிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது கோட்டில் 35 வரும். அங்கிருந்து நேராக 13க்கு வெட்டிவிடுங்கள். சுற்றினால் உலக்கை மெதுவாக ஏறி, சட்டென்று 22 மி.மீ. விழும். விழும் என்று நாம் நினைப்போம், பாதி நேரம் விழாது. மூங்கில் குச்சிக்கு எடை இல்லை, ஸ்ட்ராவில் உரசி அந்தரத்தில் நிற்கும். ஒரு நட்டைக் குச்சியில் மாட்டினால் டொக்கென்று விழும். இன்னொரு கூத்தும் உண்டு. கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினால் குச்சியின் அடிவட்டம் அந்தப் படியில் முட்டிப் பூட்டிக்கொள்ளும். வலுக்கட்டாயமாகச் சுற்றுகிற பையன் ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான், பெட்டி பிய்யும். பிய்யட்டும். ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற இயந்திரம் என்றால் என்ன என்று புரிய அதைவிட நல்ல பாடம் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அறுகோணம் இலவசமாகத் தரும் ஒரு வசதி. ஒரே மாதிரி நான்கு கேம் எடுத்து, ஒவ்வொன்றையும் முந்தையதைவிட ஒரு பட்டை தள்ளிச் செருகுங்கள். ஒரு பட்டைக்கு 60 டிகிரி. இப்போது நான்கு குச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். அலை வந்துவிட்டது. பாம்பு நெளியும், படகு மிதக்கும், ரயில் பெட்டிகள் குலுங்கும். இதைச் சொல்லித்தராதீர்கள். நான்கு பேர் ஒரு பெட்டியில் விளையாடும்போது யாராவது தற்செயலாகக் கண்டுபிடிப்பார்கள், அடுத்த பீரியடுக்குள் பத்துப் பெட்டிக்கும் பரவிவிடும். அதேபோல் குச்சியின் அடிவட்டம் கேமுக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்தால், ஏறி இறங்குவதோடு பொம்மை சுற்றவும் செய்யும். கரகாட்டம் ஆடவைக்க அதுவே போதும்.

கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்பீர்கள். மூன்றாவது வாரம் வரை வேண்டாம். முதலில் ஸ்கேலும் பாகைமானியும் வைத்துக் கையால் வரையட்டும். இரண்டு கேம் கையால் வரைந்த பிள்ளைக்குத்தான் மூன்றாவதைக் கம்ப்யூட்டர் வரையாதா என்று தோன்றும். அப்போது ஓபன்ஸ்கேட் என்ற இலவச மென்பொருளில் பன்னிரண்டு எண்ணை வாங்கி வடிவம் வரைகிற ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுங்கள். பதினைந்து வரிகூட ஆகாது. ஒரு எண்ணை மாற்றினால் திரையில் கேம் மாறும். எஸ்விஜி கோப்பாக ஏற்றுமதி செய்து, சாதாரண பிரிண்டரில் நிஜ அளவில் எடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டலாம். டிங்கர்கேட் என்ற 3டி வரையும் மென்பொருள் பழகிய பிள்ளைகள் அந்தக் கோப்பை அதிலேயே ஏற்றித் தடிமன் கொடுத்து 3டியில் அச்சிடலாம். அதற்கு ஒரே நிபந்தனை: அட்டையில் ஒரு முறை ஓடிக் காட்டிய கேம் மட்டும்தான் 3டி பிரிண்டருக்குப் போகும். வரிசை பாதியாகக் குறைந்துவிடும்.

பன்னிரண்டு எண் என்பதில் இன்னொரு லாபம் உண்டு. அதைக் கரும்பலகையில் எழுதலாம், நோட்டின் ஓரத்தில் எழுதிப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளலாம். லேபின் ஒரு சுவரில் பெரிய தாளை ஒட்டி, ஒவ்வொரு நல்ல கேமுக்கும் பன்னிரண்டு எண், அது எப்படி ஆடும், யார் செய்தது, யாருடையதை மாற்றிச் செய்தது என்று எழுத விடுங்கள். அந்தக் கடைசித் தகவல் முக்கியம். காப்பி அடிப்பது இங்கே குற்றமில்லை, பெயர் சொல்லாமல் அடிப்பதுதான் குற்றம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் வரும் பிள்ளைகளுக்குச் சுவரில் ஒரு பொக்கிஷம் காத்திருக்கும். அளவுகளை மாற்றாமல் இருந்தால் பழைய கேம்கள் புதிய பெட்டியிலும் ஓடும்.

தலைப்பு என்ன கொடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். "பசுமைப் புவி" என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது மரம் வரும். "விருப்பமானதைச் செய்" என்றால் பாதிப் பேர் விட்டத்தைப் பார்ப்பார்கள். நான் கொடுப்பது: உங்கள் தெருவில் அசைகிற ஏதாவது ஒன்று. தையல் மெஷின் ஊசி, பரோட்டா மாஸ்டர் கை, அடிபம்பு, கொத்துகிற கோழி, மாவு சலிக்கும் பாட்டி. தையல் ஊசிக்கு மையம் தள்ளிய வட்டம் போதும். பரோட்டாவை ஓங்கி அடிக்க உலக்கை கேம். கோழிக்கு ஒரு சுற்றில் இரண்டு மூன்று மேடு. எந்த அசைவுக்கு எந்தக் கேம் என்பது தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும். அடிபம்பு ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் ஒன்றா? போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பலாம். எம்ஐடி மீடியா லேபின் மிட்செல் ரெஸ்னிக், பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர், தன் குரு செய்மோர் பேப்பர்ட் சொன்ன தாழ்ந்த தரை, உயர்ந்த கூரை என்பதோடு அகலமான சுவர் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். தொடங்க எளிதாக இருக்க வேண்டும், போகப் போக ஆழம் இருக்க வேண்டும், அதோடு வெவ்வேறு ரசனை உள்ள பிள்ளைகள் வெவ்வேறு திசையில் போக இடமும் இருக்க வேண்டும். தெரு அந்த இடத்தைத் தரும்.

மாதிரி காட்டும்போது அழகாக முடித்த ஒன்றைக் காட்டாதீர்கள். நாற்பது பேரும் அதையே செய்வார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றைக் காட்டுங்கள், அதில் ஒன்று பாதியில் சிக்கி நிற்பதாக இருக்கட்டும். அதைச் சரிசெய்ய எழுந்து வரும் பிள்ளைதான் உங்கள் லேபின் முதல் உதவியாளர். பிரிண்டர் தட்டைச் சமன் செய்வது, அடைத்த நாசிலைச் சுத்தம் செய்வது போன்றவற்றை அப்படிப்பட்ட நான்கைந்து பேருக்கு மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுங்கள். சாவி அவர்களிடம் இருந்தால்தான் எட்டு வாரத்துக்குப் பிறகும் கதவு திறக்கும். நீங்கள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும் நாளிலும்.

எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது என்று அட்டவணை கேட்டிருந்தால் ஏமாற்றம்தான். முதல் வாரம் பெட்டி, இரண்டாவது வாரம் கையால் கேம், மூன்றிலிருந்து ஐந்து வரை செய்வதும் மாற்றுவதும், ஆறாவது வாரம் வெடிகுண்டு. வெடிகுண்டு என்றால், 3 செ.மீ. நீளத்தில் அறுகோண ஓட்டையுள்ள குழாய் ஒன்றை அச்சிட்டு மேஜையில் வைத்துவிடுங்கள். இரண்டு பெட்டியின் பென்சில் முனைகளை அது சேர்க்கும். எல்லாப் பெட்டியிலும் பென்சில் ஒரே உயரத்தில் இருப்பதன் பலன் இப்போது தெரியும். இரண்டு பெட்டி ஒரு கைப்பிடியில் ஓடும். மூன்றும் ஓடும். பத்தையும் சேர்த்து ஒரு தெருவாகவே ஓட்டிவிடலாம் என்று கிளம்புவார்கள், நடுவில் எங்கேயோ பென்சில் முறுக்கும் அல்லது குழாய் பிளக்கும். உராய்வு என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குக் கையில் கனக்கும். மெழுகு தேய்க்கலாமா, கேமை மழுக்கலாமா, பல்சக்கரம் போடலாமா, மோட்டார் வைக்கலாமா என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விகள்தான் ஒன்பதாவது வாரத்துக்கும் பத்தாவது வாரத்துக்குமான பாடத்திட்டம். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கண்காட்சி வைத்தே ஆக வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்வார். வையுங்கள், ஆனால் ஐந்தாவது வாரத்தில் வையுங்கள். கடைசி வாரத்தில் வைத்தால் எல்லோரும் ஃபெவிகால் போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, கண்ணாடித் தாள் சுற்றிவிடுவார்கள். அதோடு அது கீசெயின் ஆகிவிடும். நடுவில் வைத்தால் பார்க்க வருபவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்ற நேரம் இருக்கும். பார்வையாளர்களிடம் ஒரு காலிக் கேமையும் பென்சிலையும் கொடுத்துப் பன்னிரண்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதை வெட்டிப் பார்ப்பது பிள்ளைகளின் வேலை.

இனி லேசர் கட்டர். அடல் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு ஐந்து வருடத்துக்கு அதிகபட்சம் 20 லட்சம் ரூபாய். அதில் பாதி அமைப்பதற்கு, மீதி நடத்துவதற்கு. நடத்துவதற்கான பணத்தை மெஷினில் முடக்காதீர்கள், இந்த வருடம் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். புகையை வெளியேற்ற ஏற்பாடு வேண்டும், வெட்டி முடியும்வரை ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அட்டையும் எம்டிஎஃப்பும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தீப்பிடிக்கக்கூடியவை. வாரத்துக்கு இரண்டு பீரியடுக்கு இதெல்லாம் அதிகம். உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ போர்டு எழுதுகிற கடையில், அல்லது அக்ரிலிக் வெட்டுகிற கடையில் லேசர் இருக்கும். பெரும்பாலும் நிமிடக் கணக்கில் காசு வாங்குவார்கள். சுவரில் இருக்கும் கேம்களில் சிறந்தவற்றை 3 மி.மீ. எம்டிஎஃப்பில் மாதம் ஒரு முறை வெட்டி வாருங்கள், முடிந்தால் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

லேசரில் கணக்கு தலைகீழ். 3டி பிரிண்டரில் ஓட்டை சிறுக்கும், லேசரில் பெருக்கும். கதிர் போகிற பாதையில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை எரிந்துபோகும். 7 மி.மீ. ஓட்டை வேண்டுமென்றால் 6.8 என்று வரைய வேண்டியிருக்கலாம். முதல் முறை போகும்போது 6.6லிருந்து 7.1 வரை ஆறு அறுகோண ஓட்டை உள்ள ஒரு பட்டையை மட்டும் வெட்டி, பென்சிலைச் செருகிப் பார்த்துவிட்டு, மற்றதை வெட்டச் சொல்லுங்கள். எம்டிஎஃப்பை நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. கடையில் மிச்சம் கிடக்கும் வெள்ளை ஃபோம் ஷீட்டை, சன்போர்டு என்பார்கள், மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்கும் கேடு, மெஷினுக்கும் கேடு.